சாரல் நனைத்த புத்தகம்



கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில்தான் எங்கள் ஊரில் விடுமுறைக் காலம் தொடங்குகிறது. ஜூன் மாதம் பிறந்ததும் மேற்கு வானம் கறுக்கும். பொதிகை மலைத்தொடரின் முகடுகள் மேகத்துக்குள் மறைந்துவிடும். வெயிலும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல், முகத்தில் பூவாளியால் தெளித்ததுபோல், மெல்லிய தூறல் விழும். இதைத்தான் நாங்கள் 'சாரல்' என்கிறோம். 'குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டது' என்ற செய்தி நாளிதழ்களில் வருவதற்கு முன்பே, கொடியில் காயப்போட்ட துணி காயாததைக் கண்டு எங்கள் வீட்டுப் பெண்கள் அதை அறிந்துகொள்வார்கள்.

குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அருவியின் அழகைப் பற்றி எழுதியவர்களும் ஏராளம். ஆகவே நான் இங்கே அருவியோடு சேர்த்து ஒரு புத்தகத்தைப் பற்றியும், ஒரு விளையாட்டைப் பற்றியும், ஒரு தொழிலைப் பற்றியும் எழுதப் போகிறேன். இவை நான்கும் எங்கள் வீட்டில் ஒரே நாளில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அந்த நாளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

காற்றும் கணவாயும்

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பரில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டமாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கம் மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. மலையின் கிழக்கே இருக்கும் ஊர்களுக்குப் பெரும்பாலும் வறண்ட காற்றுதான் மிச்சம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியாகத் தப்பி வரும் ஈரக்காற்றுதான் எங்களுக்குச் சாரலாகிறது. தமிழகத்தின் பெரும்பகுதி அனலில் காயும்போது நாங்கள் மட்டும் போர்வை தேடுவது இதனால்தான்.

மலையில் ஊறும் நீர் சிற்றாறாகி அருவிகளாக இறங்குகிறது. பேரருவி மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே 'பொங்குமாக்கடல்' என்னும் ஆழமான குழியில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் கீழே வருகிறது. அந்தக் குழி மட்டும் இல்லையென்றால் அருவியின் அடியில் மனிதன் நிற்க முடியுமா? வல்ல இறைவன் வேகத்தையும் படைத்து, அதைத் தாங்கிக்கொள்ள இடைநிலையையும் படைத்திருக்கிறான். பேரருவிக்கு அப்பால் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும் ஐந்தருவி, பழைய குற்றாலம், குழந்தைகளுக்கு ஏற்ற புலியருவி என்று அருவிகள் பல. மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை.

பீடித்தட்டைச் சுற்றி

இனி வீட்டுக்குள் வாருங்கள். தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று எங்கள் வட்டாரத்தில் பெண்களின் மடியில் பீடித்தட்டு இல்லாத தெரு அந்நாளில் அரிது. முதல்நாள் இரவே இலையை நீரில் நனைத்து வைக்கவேண்டும். காலையில் தகட்டை வைத்து ஒரே அளவாகக் கத்தரிக்கவேண்டும். தூளை அளவாக வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கவேண்டும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். மாலையில் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவர் எடுத்துப் பார்த்து, பிடிக்காததை ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது உழைத்தவளின் நட்டம்.

என் லாத்தா எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு இந்தத் தட்டின் முன்னால் அமர்ந்தார். வகுப்பில் முதல் மாணவியாக இருந்தவர் அவர். வாப்பாவுக்கு உடல்நலம் குன்றியிருந்தது, நான் படிக்கவேண்டியிருந்தது. 'பெண்பிள்ளைக்கு இது போதும்' என்று தெருவே சொன்னது. லாத்தா ஒரு சொல்லும் பேசவில்லை. 'நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகம் மட்டும் எடுத்துத் தா, தம்பி' என்று கேட்டார், அவ்வளவுதான்.

பீடி சுற்றும்போது கைதான் ஓயாது; காது சும்மாதான் இருக்கும். பல வீடுகளில் அந்தக் காதை இலங்கை வானொலி நிரப்பியது. எங்கள் வீட்டில் புத்தகம் நிரப்பியது. பக்கத்து வீட்டு மாமிகளும் அவர்களுடைய பெண்மக்களுமாக ஏழெட்டுப் பேர் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். லாத்தா தம் தட்டைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வாசிப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சுற்றியிருக்க வேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். எழுதப்படாத ஒப்பந்தம் அது. வாசிப்புக்கும் கூலி உண்டு என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

வாசிப்பு முடிந்த நாட்களில் பல்லாங்குழி. பதினான்கு குழிகள், காய்களுக்குப் புளியங்கொட்டை. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வார்கள். லாத்தாவை அந்த ஆட்டத்தில் யாரும் வென்றதில்லை. கையில் காயை அள்ளும்போதே அது எங்கே போய் முடியும் என்று கணக்கிட்டுவிடுவார். 'கணக்கு வாத்தியாராகப் போகவேண்டிய புள்ள' என்று ஒரு மாமி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லாத்தாவும் சிரித்தார். எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஐந்தருவியில் நேர்ந்தது

1983ஆம் ஆண்டுச் சாரல் காலம். முற்றத்தில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நடந்துகொண்டிருந்தது. ஐந்து பாகங்களில் இரண்டாவதான 'சுழற்காற்று'. கதை கடலுக்குப் போய்விட்டது, புயல் எழுந்துவிட்டது. பெண்களுக்கு அடுத்த அத்தியாயம் வரும்வரை உறக்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஐந்தருவிக்குப் புறப்பட்டார்கள். சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் கிளித்தட்டு விளையாடுவது எங்கள் வழக்கம். லாத்தாவுக்குத் தெரியாமல் முன்கூட்டியே முடிவைப் படித்துவிட்டு வந்து பெருமை பேசவேண்டும் என்ற ஆசையில், நான் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். பாறைமேல் வைத்து, மேலே சட்டையையும் போட்டுவிட்டு அருவிக்குள் புகுந்தேன். திரும்பி வந்தபோது குரங்கு சட்டையை இழுத்துப் போட்டிருந்தது. புத்தகம் ஓடைநீரில் மல்லாந்து கிடந்தது. கடைசி இருபது முப்பது பக்கங்கள் கூழாகிவிட்டன. புயல் கதைக்குள்ளும் அடித்தது, வெளியிலும் அடித்தது.

அன்று மாலை முற்றத்தில் நான் நின்ற நிலையை எழுத இயலவில்லை. நூலகத்தில் புத்தகத்தின் விலையைக் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லாத்தா யாரிடமும் சொல்லவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவுமில்லை. ஒரு வாரம், எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கடியில் அமர்ந்து கூடுதலாகச் சுற்றினார். இரவில் அவர் இருமும் ஓசை எனக்குக் கேட்டது. புகையிலைத் தூள் மூச்சில் கலப்பதன் இருமல் அது. என் ஒரு மணி நேர விளையாட்டுக்கு அவர் கொடுத்த விலை.

பணம் கட்டிய பிறகும் மாற்றுப் பிரதி வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை பெண்கள் சும்மா இருக்கவில்லை. கடலில் சிக்கியவர்களை அவரவரே கரை சேர்த்தார்கள். ஒரு மாமி, 'நாகூருக்கு அந்தாண்டை ஒதுங்கியிருக்கும்' என்றார். கணவர் சிங்கப்பூரில் இருந்த இன்னொரு பெண், 'இல்லை, பினாங்கு கரைக்குத்தான் போயிருக்கும். அங்கே நம்ம ஆளுக இருக்காக, பார்த்துக்கிடுவாக' என்றார். கல்கி எழுதியதைவிட அந்தக் கதைகள் எனக்குப் பிடித்திருந்தன.

லாத்தா எனக்கு ஒரே ஒரு தண்டனைதான் விதித்தார். 'நனைஞ்சது நனைஞ்சு போச்சு, தம்பி. இனிமே தினமும் பள்ளிவிட்டு வந்து நீ வாசி, நாங்க கேட்கிறோம்.' பதினோராம் வகுப்பு முடியும்வரை அந்தத் தண்டனையை அனுபவித்தேன். இன்று நான் நாலு எழுத்து எழுதுகிறேன் என்றால் அது அந்தத் தண்டனையின் பயன்.

மலையும் புத்தகமும்

அக்காலத்தில் நாங்கள் வாசித்தவற்றுள் எனக்கு நெருக்கமானது உமறுப்புலவரின் சீறாப்புராணம். எட்டயபுரத்தில் வாழ்ந்த அப்புலவர் 5027 பாடல்களில் பாடிய அந்தக் காவியத்தை உரையுடன்தான் படித்தோம். எல்லாம் விளங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கத்தில் வரும் நாட்டு வளம் விளங்கிற்று. அரபு நாட்டைப் பாட வந்த புலவர் மலையில் மழை பெய்வதையும், வெள்ளம் ஆறாக இறங்குவதையும், வயல்கள் விளைவதையும் பாடுகிறார். மணல் நிறைந்த நாட்டுக்கு இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? 'அவருக்குத் தெரிந்த மலையைத்தானே அவர் பாடுவார்' என்றார் லாத்தா. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தாம் நேசிக்கும் வரலாற்றைத் தம் மண்ணின் மழையில் நனைத்துத் தந்த புலவரின் உள்ளம் எட்டாம் வகுப்புப் படித்த பெண்ணுக்குப் புரிந்தது.

குற்றாலத்தைப் பாடிய நூலும் அருகிலேயே பிறந்ததுதான். தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது குற்றாலக் குறவஞ்சி. அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. ஒரு புத்தகத்துக்காகக் கிடைத்த நிலம், புத்தகத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வந்து தங்கினார். நெல்லையில் அவருடைய இல்லத்தின் வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசியதால் அந்த அவைக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். ராஜாஜி, கல்கி போன்றோர் குற்றாலத்துக்கு அவரைத் தேடி வந்தார்கள். 1954இல் அவர் அங்கேயே மறைந்தார். முற்றத்தில் கூடிப் புத்தகம் பேசுவது பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இந்த வரலாற்றைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன். எங்கள் முற்றமும் ஒரு வட்டத்தொட்டிதான். நடுவில் பீடித்தட்டு இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

டி.கே.சி. வாழ்நாளெல்லாம் போற்றிய கம்பனை, நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்கள் தம் காலத்தில் மேடைதோறும் கொண்டு சென்றார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த அவர்களே சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்கள். அதே நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களைப் பெண்மக்கள் மறக்கலாகாது. மிகக் குறைந்த பள்ளிப்படிப்பே பெற்ற அவர், 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். பள்ளி நின்றாலும் படிப்பு நிற்கவேண்டியதில்லை என்பதற்கு அந்த அம்மையாரைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் வட்டாரத்து மக்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தபோதும் இதை மறக்கவில்லை. சிங்கப்பூரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. 1982இல் அது மூடப்பட்டுவிட்டாலும், கூலி வேலைக்குப் போனவர்கள் புலவர் பெயரில் பள்ளி கண்டார்கள் என்பது நமக்குப் பெருமைதானே?

வருகின்றவர்களுக்குச் சில சொற்கள்

சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. காலைத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் கூட்டம் குறைவாக இருக்கும். எண்ணெய், சோப்பு, ஷாம்பூவை வீட்டிலேயே விட்டு வாருங்கள். அருவியில் அவற்றுக்குத் தடை உண்டு. கீழே இந்த நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். சீசன் இல்லாத காலத்திலும் மலையில் திடீர் மழை பெய்தால் அருவியில் நொடியில் வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. காவலர் 'போகாதே' என்றால் போகாதீர்கள். தண்ணீர் கலங்கி வந்தாலும், இரைச்சல் மாறினாலும் உடனே வெளியேறுங்கள். சுற்றுலாவை நாளைக்கும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

குளித்த பசிக்குச் செங்கோட்டைச் சாலையில் பிரானூர் 'பார்டர்' பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காத்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஊருக்கு ஏன் 'பார்டர்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்தது. எல்லை இங்கேதான் ஓடியது. எல்லை போய்விட்டது, பெயர் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. நேரம் இருந்தால் செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் ரயிலில் ஏறுங்கள். 1904இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பாதை அது. பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலத்தைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடக்கும். திரும்பும்போது மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

சென்ற சாரலில் லாத்தாவிடம் விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டேன்: 'இத்தனை வயதில் எத்தனை தடவை குற்றாலத்தில் குளித்திருப்பீர்கள், லாத்தா?' அவர் விரல்விட்டு எண்ணினார். பல்லாங்குழியில் தோற்காத கணக்கு. ஒரு கை விரல்கள் முடியவில்லை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆண்டுதோறும் வருகிறார்கள். 5 கிலோமீட்டரில் இருந்தவருக்கு வாய்க்கவில்லை. சாரல் காலத்தில் இலை ஈரமாகிவிடும், தூள் நமுத்துவிடும், அதனால் வேலை இரட்டிப்பு. நாங்கள் ஆண்பிள்ளைகள் குளிக்கப் போன நாளெல்லாம் அவர் இலையை அடுப்புச் சூட்டில் உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளில் நான் ஒருமுறையும் அதைக் கேட்கவில்லை.

மறுநாளே அழைத்துப் போனேன். அவருடைய பேத்தியும் வந்தாள். தென்காசி வ.உ.சி. நூலகத்தில் காலை முதல் மாலை வரை அமர்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அவள். எங்கள் தெருவில் பெண்கள் படிக்க வெளியே போவது இன்று யாருக்கும் செய்தியாக இல்லை. பீடித்தட்டும் குறைந்து வருகிறது. அதை நம்பியிருக்கும் முதிய பெண்களுக்கு வேறு பிழைப்பு என்ன என்ற கேள்வி மட்டும் குறையவில்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பாட்டியும் பேத்தியும் கைகோத்து நின்றார்கள். நான் கரையில் அவர்களுடைய பைக்குக் காவல். பைக்குள் என்ன கனம் என்று பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பட்டை போட்டு ஒரு நூலகப் புத்தகம். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த லாத்தா, 'இந்தத் தடவை குரங்குக்கிட்ட கொடுத்திராத, தம்பி' என்றார்.

வாசக அன்பர்களே, இந்தச் சாரலுக்கு நீங்கள் குற்றாலம் வாருங்கள். வரும்போது, உங்கள் வீட்டில் இலையை உலர்த்திக்கொண்டோ அடுப்பைப் பார்த்துக்கொண்டோ பின்தங்கிவிட்ட ஒருவர் இருந்தால், அவரை முதலில் வண்டியில் ஏற்றுங்கள். பையில் ஒரு புத்தகமும் இருக்கட்டும், நன்றாகச் சுற்றி.